காசுக் கணக்கு எதில் வைப்பது: 555 புத்தகம், கூகுள் ஷீட்ஸ், நூமிஸ்டா

ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலை, பழம்பொருள் விரித்திருக்கும் தெருவில் நிற்கிறீர்கள். கையில் ஒரு 10 காசு. மலாயா - பிரிட்டிஷ் போர்னியோ, 1961. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பொடி எழுத்தில் ‘கே.என்’ தெரிகிறது. கடைக்காரர் விலை சொல்லிவிட்டார். பக்கத்தில் இன்னொருவர் எட்டிப் பார்க்கிறார். இந்தக் காசு வீட்டில் இருக்கிறதா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் தரவேண்டும். தராத கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

நான் இருப்பது சுங்கை சிப்புட்டில். பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் மைலோ டின்னில் போட்டு வைத்திருந்த சில்லறையில்தான் என் சேகரிப்பு தொடங்கியது. இப்போது அக்கா மகனும் இதில் இறங்கிவிட்டான். அந்த டின்னில் இருந்த காசுகளையே ஆளுக்கு ஒரு வழியில் பதிந்து பார்த்தோம். நான் 555 புத்தகத்திலும் கூகுள் ஷீட்ஸிலும் எழுதினேன். அவன் நூமிஸ்டா இணையதளத்திலும், ஓப்பன்நூமிஸ்மாட் என்ற கணினி மென்பொருளிலும் ஏற்றினான்.

முதலில் ஒன்று. நம் மலாயா, மலேசியக் காசுகளுக்கு ஆண்டை மட்டும் எழுதினால் போதாது. அந்த 1961 பத்துக் காசிலேயே மூன்று வகை இருக்கிறது: எழுத்தே இல்லாதது, பர்மிங்காமின் ஹீட்டன் நாணய ஆலையில் அடித்த ‘எச்’, கிங்ஸ் நார்ட்டன் ஆலையின் ‘கே.என்’. 1967இல் வந்த, நாடாளுமன்றக் கட்டடப் படம் போட்ட தொடரில் 50 காசை எடுத்தால், 1967 முதல் 1969 வரை விளிம்பு ஒரு மாதிரி. 1971 முதல் விளிம்பில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் பெயரே எழுத்தாக ஓடுகிறது. 1976ஆம் ஆண்டு 1 காசைக் காந்தத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒட்டினால் செம்புப் பூச்சிட்ட இரும்பு, சாதாரணமாகக் கிடைப்பது. ஒட்டாவிட்டால் வெண்கலம், பத்திரமாக எடுத்து வைக்க வேண்டியது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 10 காசு, 20 காசுகளில் 1939 என்றால் முக்கால் பங்கு வெள்ளி, 1945 என்றால் பாதிதான். ஆக ஆண்டு, ஆலை எழுத்து, உலோகம், விளிம்பு என்று நான்கும் பதிய இடம் வேண்டும்.

சரி, 555 புத்தகத்துக்கு வருவோம். தோட்டத்துக் கடைகளில் கடன் கணக்கு எழுதிய அதே சின்னப் புத்தகம்தான். சட்டைப் பையில் அடங்கும், பேட்டரி கேட்காது, தோட்டத்துக்குள் லைன் கிடைக்காத இடத்திலும் திறக்கும். தேடும் காசுகளின் பட்டியலுக்கு இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு வகைக் காசு, ஒரு வரிக்கு ஓர் ஆண்டு, கிடைத்ததும் ஒரு கோடு. கடைக்காரர் முன்னால் பக்கத்தைத் திருப்பினாலே பதில் கிடைத்துவிடும்.

ஆனால் முழுச் சேகரிப்பையும் இதில் எழுதப்போனால் சிக்கல்தான். இடையில் ஓர் ஆண்டு வந்தால் செருக இடம் இருக்காது. மூன்றாவது புத்தகத்துக்குப் போனதும் முதல் புத்தகத்தில் என்ன எழுதினோம் என்றே தெரியாது. ஒருமுறை மழையில் நனைந்து, பேனாவில் எழுதிய நான்கு பக்கங்கள் கலங்கிப்போயின. மை இருந்த இடத்தில் நீலத் திட்டுதான் மிச்சம். அந்த நான்கு பக்கத்தை மீட்க, டின்னை மறுபடி கொட்டி எண்ணவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பென்சில்தான். பென்சில் எழுத்து தண்ணீரில் ஓடாது.

கூகுள் ஷீட்ஸோ எக்செல்லோ, இரண்டும் இந்த வேலைக்கு ஒன்றுதான். இருப்புக் கணக்கை நான் இங்கேதான் வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டிய பத்தியை நானே போட்டுக்கொள்ளலாம்: எங்கே வாங்கினேன், என்ன விலை, எந்த ஆல்பத்தில், எந்தப் பக்கத்தில், பாட்டி டின்னிலிருந்து வந்ததா. கடைசியாகச் சொன்ன பத்தி எந்த மென்பொருளிலும் இருக்காது. எனக்கோ அதுதான் முக்கியம்.

இதிலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தொடக்கத்தில் ஆண்டுப் பத்தியிலேயே ‘1961 கே.என்’ என்று சேர்த்து எழுதினேன். வரிசைப்படுத்தியபோது வெறும் எண்கள் எல்லாம் மேலே ஒன்றுசேர்ந்தன. எழுத்து கலந்தவை 1988க்கும் கீழே போய் உட்கார்ந்தன. எண்ணும் எழுத்தும் கலந்ததை அது சொல்லாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் ஆண்டுக்கு ஒரு பத்தி, ஆலை எழுத்துக்கு இன்னொரு பத்தி என்று பிரித்தேன். இன்னொரு நாள், அக்கா மகன் விலைப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டான். விலைகள் மட்டும் இடம் மாறின, காசுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இருபது காசுக்கு வாங்கிய சில்லறைக்கு நேரே வெள்ளிக் காசின் விலை நின்றது. நல்லவேளை, கூகுள் ஷீட்ஸ் பழைய பதிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. முந்தைய நாளின் பதிப்பைத் திறந்து மீட்டோம். வெறும் கோப்பாகக் கணினியில் மட்டும் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

நூமிஸ்டா வேறு மாதிரி. சேகரிப்பாளர்களே சேர்ந்து எழுதும் பட்டியல் அது; கட்டணம் இல்லை. காசின் பக்கத்தைத் திறந்தால் எடை, விட்டம், உலோகம், ஆண்டு வரிசை, பல ஆண்டுகளுக்கு எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணிக்கை எல்லாம் தயாராக இருக்கும். நம்மிடம் உள்ள ஆண்டுக்கு நேரே தரமும் எண்ணிக்கையும் போட்டால் முடிந்தது. “மாமா, நீங்க பென்சில் சீவி முடிக்கிறதுக்குள்ள நான் ஐம்பது காசு ஏத்திட்டேன்” என்றான் பையன். உண்மைதான். அதைவிட, என் பட்டியலில் இருந்த ஒரு பிழையையும் அது காட்டிக்கொடுத்தது. நான் 1967 முதல் 1988 வரை எல்லா ஆண்டுக்கும் வரி போட்டு, சில வரிகள் நிரம்பவே இல்லையே என்று தேடிக்கொண்டிருந்தேன். எல்லா மதிப்பிலும் எல்லா ஆண்டும் காசு அடிக்கவில்லை. இல்லாத காசை இருக்கிறதென்று தேடுவது எவ்வளவு வீண் அலைச்சல்!

அப்புறம் ஏன் எல்லாவற்றையும் அங்கேயே வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். காரணம் இதுதான். கட்டம் நிரம்பிவிட்டால் ‘இது இருக்கிறது’ என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. சேகரிப்பு அப்படி இல்லை. என்னிடம் 1943ஆம் ஆண்டு சதுர 1 காசு இருக்கிறது. ஆனால் மூலையெல்லாம் தேய்ந்து, மன்னர் முகம் வழுவழுவென்று போய்விட்டது. இருப்புக் கணக்கில் அது ‘உண்டு’. தேடும் பட்டியலிலும் அது இருக்கத்தான் வேண்டும், ‘இதைவிட நல்லது கிடைத்தால் வாங்கு’ என்ற குறிப்போடு. இருப்பைக் கழித்தால் மிஞ்சுவதுதான் தேடும் பட்டியல் என்று நினைத்த காலத்தில் நல்ல காசுகள் சிலவற்றைக் கைவிட்டிருக்கிறேன். நூமிஸ்டாவில் விருப்பப் பட்டியலும் தனியாக உண்டு. ஆனால் பையன் சந்தையில் அதைத் திறப்பதில்லை, காலிக் கட்டங்களைத்தான் பார்க்கிறான். முகம் தேய்ந்த காசு காலிக் கட்டமாகத் தெரியாது.

ஓப்பன்நூமிஸ்மாட் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இலவசம், இணையம் இல்லாமலே ஓடும், படமும் சேர்க்கலாம், ‘என்னிடம் உள்ளது’, ‘தேடுவது’, ‘விற்றது’ என்று ஒவ்வொரு காசுக்கும் நிலை குறிக்கலாம். ஆயிரக்கணக்கில் வைத்திருந்து, மேசைக் கணினியில் உட்கார நேரமும் இருப்பவருக்கு நல்ல மென்பொருள். எங்கள் டின் அளவுக்கு அது பெரிய சட்டை.

இப்போது நாங்கள் செய்வது இது. புதிதாக ஒரு காசு வந்தால் நூமிஸ்டாவில் தேடி, எந்த வகை என்று உறுதிசெய்து, அங்கே அதற்குள்ள பட்டியல் எண்ணை ஷீட்ஸில் குறிக்கிறேன். அட்டைச் சட்டத்தில் காசை வைத்து மூடுவதற்கு முன்பே மூலையில் என் வரிசை எண்ணை எழுதிவிடுகிறேன். மூடியபின் அழுத்தி எழுதினால் காசில் படும். மெல்லிய பிளாஸ்டிக் உறைகளை விட்டுவிட்டேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிவிசி உறை பிசுபிசுத்து, காசில் பச்சை ஏறிவிடுகிறது. டின்னில் இத்தனை வருடம் கிடந்து கெடாத காசு, நான் போட்ட உறையில் கெட்டது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சனிக்கிழமை இரவு ஷீட்ஸைப் பார்த்து 555இல் தேடும் பட்டியலைப் புதுப்பிப்பேன். ஒரு வரியில் காசு, ஆண்டு, ஆலை எழுத்து, குறைந்தது எந்தத் தரம். அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பேன் என்பது மட்டும் கடைசிப் பக்கத்தில், தனியாக. விற்பவர் கண்ணில் அந்த எண் பட்டுவிட்டால் பேரம் அங்கேயே முடிந்துவிடும். கைப்பேசித் திரையை நீட்டும்போது இதை மறைப்பது கஷ்டம். காகிதத்தில் இது ஒரு வசதி.

பையன் இன்னும் நூமிஸ்டாதான் உசத்தி என்கிறான். போன வாரம் சந்தைக்கு இருவரும் சேர்ந்து போனோம், அவன் பையிலும் ஒரு 555 இருந்தது. முதல் வரியில் நாடாளுமன்றத் தொடர் 10 காசு, 1971 என்று எழுதியிருந்தான். அந்தத் தொடரில் கிடைக்க அரிதென்று பெயர் வாங்கியவற்றில் அதுவும் ஒன்று. என் புத்தகத்திலும் அது கோடு விழாமலே இருக்கிறது.