அபின் வயலும் லீக்ஸ் மூட்டையும்

இலங்கை மலையகத்துக் கந்தப்பளையில் லீக்ஸ் என்ற மரக்கறி போடும் மாமா ஒருவர் எனக்கு இருக்கிறார். பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டி, ரோட்டோரம் அடுக்கிவிட்டு லொறிக்குக் காத்திருப்பார். லொறிக்காரர் சொல்வதுதான் விலை. ஒருமுறை விலை விழுந்து லொறியே வரவில்லை. மூன்றாம் நாள் மூட்டைகளின் அடியில் பச்சைத் தண்ணீர் கசிந்தது.

சரி, வேறொரு பயிரை நினைத்துப் பாருங்கள். வாங்குகிறவர் வாசலுக்கே வருகிறார், விதைக்கும் முன்பே கடன் தருகிறார், விளைந்தது வருடக்கணக்கில் அழுகாது. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாண விவசாயிக்கு அபின் அப்படித்தான் இருந்தது. கைநீட்டி வாங்கிய கடனை அபினாகவே அடைக்க வேண்டியிருந்தது. 1921 வரை நம் மலையகத் தோட்ட ஆட்களைக் கடனால் கட்டிப்போட்ட துண்டு முறையைக் (கடன் எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது) கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

போர் நடந்த நாடுகளில் இந்தப் பிடியை உடைக்கிறோம் என்று உலகம் செய்த செலவு கொஞ்சமல்ல. மூன்று வழிகளை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, மருந்து அடிப்பது. 2000இல் தொடங்கிய 'பிளான் கொலம்பியா' என்ற போதை ஒழிப்புத் திட்டத்துக்கு அமெரிக்கா பணமும் ஹெலிகொப்டரும் கொடுத்தது. கொக்கேய்ன் எடுக்கும் கோக்காச் செடிகள் மீது விமானத்திலிருந்து கிளைபோசேட் தெளித்தார்கள். நம் தோட்டங்களில் புல்லுக்கு அடிக்கும் அதே மருந்து. பக்கத்தில் நின்ற வாழையும் மரவள்ளியும் சேர்ந்து கருகின. மருந்து எல்லை தாண்டி வந்தது என்று எக்குவடோர் வழக்குப் போட, 2013இல் கொலம்பியா 1.5 கோடி டொலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. 2015இல் தெளிப்பு நின்றது. (அதே ஆண்டு இலங்கையும் கிளைபோசேட்டைத் தடை செய்தது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப விட்டது. காரணம்தான் வேறு.) ஐ.நா. அளவீட்டின்படி கோக்கா 2000இல் 1,63,000 ஹெக்டேயர், 2013இல் 48,000, 2023இல் 2,53,000. குறைந்தது உண்மைதான், நிலைக்கவில்லை. அரசாங்கமும் FARC கெரில்லாக்களும் செய்துகொண்ட 2016 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு சுமார் 99,000 குடும்பங்கள் மாற்றுப் பயிருக்குக் கையெழுத்திட்டன. செடியைப் பிடுங்கினார்கள். கைக்காசு ஓரளவு வந்தது, சொன்ன தொழில் திட்டங்கள் பிந்தின. கெரில்லாக்கள் விட்டுப்போன ஊர்களில் அரசாங்கத்துக்கு முன் வேறு ஆயுதக் குழுக்கள் போய் உட்கார்ந்தன.

இரண்டாவது, ஒரே உத்தரவு. இதற்கு ஆப்கானிஸ்தானின் முன்கதையும் வேண்டும். 2002 முதல் 2017 வரை போதை ஒழிப்புக்கென்று அமெரிக்கா மட்டும் அங்கே சுமார் 860 கோடி டொலர் கொட்டியது. அந்த 2017இல்தான் அபின் பயிர் 3,28,000 ஹெக்டேயர் என்று உச்சத்தைத் தொட்டது. வயல் அழிக்கும் பொறுப்பு மாகாண ஆளுநர்களிடம் போனபோது, வேண்டாதவர் வயல் அழிந்தது, வேண்டியவர் வயல் தப்பியது. நல்லாட்சிக்கென்று வந்த உதவி, அபின் வியாபாரத்தில் கைவைத்தவர்களையும் பதவியில் தூக்கி வைத்திருந்தது.

அப்புறம் 2022 ஏப்ரலில் தாலிபான் தடை போட்டது. 2,33,000 ஹெக்டேயர் அடுத்த ஆண்டே 10,800 ஆனது. வெற்றி என்று சொல்லத் தோன்றும். ஆனால் அபின் விற்று விவசாயிகளுக்குக் கிடைத்த பணம் 136 கோடி டொலரிலிருந்து 11 கோடிக்கு விழுந்தது. இரசாயன உரத்தை 2021இல் திடீரென்று நிறுத்தியபோது நம் மரக்கறித் தோட்டங்கள் பட்ட பாட்டைப் பார்த்தோமே. இங்கே ஜனங்கள் சத்தம் போட்டார்கள், சில மாதங்களில் உத்தரவு திரும்பியது. அங்கே 2024இல் பதக்ஷான் மாகாணத்தில் சத்தம் போட்டவர்கள் மேல் துப்பாக்கி பாய்ந்தது. அபின் உற்பத்தியில் முதலிடம் 2023இல் மியன்மாருக்குப் போனது.

மூன்றாவது தாய்லாந்து. வடக்கு மலைகளில் 1969இல் மன்னரின் திட்டம் தொடங்கியது, 1988இல் டோய் துங் மலைத் திட்டம் வந்தது. அங்கே முதலில் போனது ரோட்டும் மருத்துவமும் பள்ளிக்கூடமும். அபின் போய்க் கோப்பியும் மக்கடேமியாவும் வந்தன. (நம் மலையில் கோப்பி போய்த் தேயிலை வந்தது, அது இலைநோய் செய்த வேலை.) டோய் துங் 30 ஆண்டுத் திட்டம். எந்த உதவி நாடும் அவ்வளவு காலம் பொறுமையாக இருப்பதில்லை. மூன்று, ஐந்து வருடத்தில் அறிக்கை கேட்பார்கள். தாய்லாந்துக்கு அரச குடும்பத்தின் பலமும் வளர்ந்துவந்த பொருளாதாரமும் கைகொடுத்தன என்பதையும் மறைக்கக் கூடாது. 2003இல் 'போதைக்கு எதிரான போர்' என்று அதே நாட்டில் மூன்றே மாதத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதையும்தான். 2023 டிசம்பரில் இங்கே 'யுக்திய' என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கி ஆட்களை அள்ளிக்கொண்டு போனபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது.

என் வாக்கு மூன்றாவதுக்கு, ஆனால் கோப்பிக்காக அல்ல. அந்த மலைவாழ் மக்களில் பலருக்குக் குடியுரிமையே இருக்கவில்லை. கடதாசி இல்லாதவர் நிலப் பத்திரமோ வங்கிக் கடனோ எப்படிக் கேட்பார்? 1948இல் குடியுரிமை பறிபோய் 2003 வரை அலைந்த மலையகத் தமிழ் வம்சம் நாம், இது நமக்குப் புதிதல்ல. வெளிநாட்டுப் பணம் முதலில் போக வேண்டியது அங்கே: பெயர்ப் பதிவு, காணி உறுதி, அடுத்தது ரோட்டும் சந்தையும். செடியைப் பிடுங்குவது கடைசி வேலை.

மாமா இந்தப் போகம் கரட் போட்டிருக்கிறார். நிலம் இன்னும் தேயிலைத் தோட்டத்துடையதுதான்.