பழைய டக்ஸிடோ விற்கிறீர்களா? பேண்டை மாற்றித் திருப்பி அனுப்புகிறார்கள், கவனம்

பழைய காலத்து டக்ஸிடோவை, அதாவது மாலை விருந்துகளுக்கு ஆண்கள் போடும் கோட்-பேண்ட் செட்டை, இணையத்தில் விற்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விளம்பரம் போடுங்கள். என்னிடம் முழு செட்டையும் வாங்கிய ஒருவர், அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். வந்த கோட் என்னுடையது. பேண்ட் என்னுடையது இல்லை. கோட்டுக்குள் இருந்த தையற்கடை லேபிளையும் காணோம். விற்பனைத் தளமோ அவருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் புகாரை மூடிவிட்டது.

பொருள் என்னவென்று சொன்னால்தான் திருட்டு புரியும். அது 1930களின் கடைசியில் தைத்தது, என் பெரியப்பாவுடையது. நிறம் கறுப்பு இல்லை, மிட்நைட் ப்ளூ என்கிற அடர்நீலம். விளக்கு வெளிச்சத்தில் கறுப்புத் துணி சற்று வெளிறித் தெரியும்; இந்த நீலம் கறுப்பைவிடக் கறுப்பாகத் தெரியும். அதற்காகவே அந்தக் காலத்தில் கேட்டுத் தைத்துக்கொண்டார்கள். கோட் காலரின் மடிப்பில் சாட்டின் இல்லை, க்ரோக்ரெய்ன்: நெருக்கமாக மெல்லிய வரி ஓடும், பளபளப்பு அடங்கிய பட்டு. பேண்டின் வெளிப்பக்கத் தையலை மூடி இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் பட்டையும் அதே துணிதான். ஒழுங்காகத் தைத்த செட்டில் இரண்டும் பொருந்தித்தான் இருக்கும். பெல்ட் லூப் கிடையாது. பேண்டைத் தோளிலிருந்து தாங்கும் சஸ்பெண்டர் பட்டையை மாட்டப் பொத்தான்கள் உண்டு. ஜிப் இல்லை, முன்பக்கமும் பொத்தான்தான்.

வாங்கியவர் விஷயம் தெரிந்தவர். டக்ஸிடோவுக்கு முன்னோடியாக 1865-ல் லண்டன் ஹென்றி பூல் தையற்கடை வேல்ஸ் இளவரசருக்குத் தைத்துக் கொடுத்த குட்டைக் கோட், 1886 வாக்கில் நியூயார்க் பக்கத்து டக்ஸிடோ பார்க் என்ற ஊர் வழியாக அதற்கு வந்த பெயர் என்று எல்லாம் சரியாகவே சொன்னார். அப்புறம் உள்பாக்கெட் லேபிளைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அளவெடுத்துத் தைக்கும் கடைகளில் லேபிளை அந்தப் பாக்கெட்டுக்குள்தான் வைத்துத் தைப்பார்கள். வாடிக்கையாளர் பெயரும் தேதியும் கையால் எழுதியிருக்கும். சேகரிப்பாளர் கேட்பது நியாயம்தான், ஆனால் திருட வருகிறவருக்கும் முதலில் வேண்டியது அந்த லேபிள்தான். பேச்சில் தெரியும் ஞானத்தை நேர்மைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொருள் கையில் கிடைத்ததும் குரல் மாறிவிட்டது. இடுப்பளவு நான் சொன்னபடி இல்லை என்று டேப் வைத்து எடுத்த படத்தைத் தளத்துக்கு அனுப்பியிருந்தார். அந்தப் படத்தின் ஓரத்திலேயே ஒரு பெல்ட் லூப் தெரிகிறது! என் பேண்டில் லூப் கிடையாது. அதாவது படம் எடுக்கும்போதே வேறு பேண்டைத்தான் அளந்திருக்கிறார். இதை வட்டமிட்டுக் காட்டி எழுதினேன். 'பொருள் விளக்கத்துக்கு மாறாக உள்ளது' என்ற காரணம் ஏற்கப்பட்டதாக ஒரு தயார் பதில் வந்தது.

பார்சலைப் பிரித்து இரண்டையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தபோது சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று. கோட் நீலம், பேண்ட் கறுப்பு. பக்கப் பட்டை வழவழவென்று சாட்டின். துணி பாலியஸ்டர்; கசக்கிப் பிடித்து விட்டால் கம்பளித் துணி மீளும் விதமே வேறு. உள்பாக்கெட்டில் லேபிள் இருந்த இடத்தில் நிறம் மங்காத ஒரு செவ்வகம், அதைச் சுற்றி வரிசையாக ஊசித் துளைகள். கிழித்து எடுக்கவில்லை, ஒவ்வொரு தையலாக நிதானமாகப் பிரித்திருக்கிறார்கள்.

எதற்கு இந்தப் பாடு என்றால், பழைய செட்டுகளில் முதலில் காணாமல் போவது பேண்ட்தான். தேய்ந்துவிடும், பூச்சி அரித்துவிடும், வேறு யாருடைய அளவுக்காவது பிடித்துத் தைத்துவிடுவார்கள். ஜோடி இல்லாத கோட்டுக்கு மதிப்பு ரொம்பக் குறைவு. அப்படி ஒரு கோட்டை வைத்திருப்பவருக்கு என் பேண்டும் அந்த லேபிளும் கிடைத்தால் முழு செட் தயார். இங்கே என்னுடையது ஒற்றைக் கோட்டாகிவிட்டது.

எனக்கு அவரைவிடத் தளத்தின் மீதுதான் கோபம் அதிகம். கறுப்பாக ஒரு பேண்ட் போனது, கறுப்பாக ஒரு பேண்ட் வந்தது, கணக்கு முடிந்தது என்கிறார்கள். நான் விளம்பரத்தில் போட்ட பட்டையின் படத்தையும் திரும்பி வந்ததன் படத்தையும் பக்கத்தில் வைத்து அனுப்பியும், அது அதே பொருள்தானா என்று உறுதிசெய்ய முடியாதாம். உறுதிசெய்ய முடியாதவர்கள் என் கணக்கிலிருந்து பணத்தை மட்டும் எப்படி உறுதியாக எடுத்தார்கள்? மேல்முறையீட்டுக்கு இன்னும் பதில் இல்லை.

விற்கிறவர்கள் கோட்டையும் பேண்டையும் சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். காலர் மடிப்பும் பக்கப் பட்டையும் ஒரே படத்தில் தெரியட்டும். கோட்டின் பொத்தான் துளையையும் பேண்டின் இடுப்பையும் கோத்து, அறுத்தால்தான் கழலும் ஒரு டேக் போட்டு, அறுத்தால் திரும்பப் பெறமாட்டேன் என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். 'திருப்பி எடுப்பதில்லை' என்ற ஒரு வரியை மட்டும் நம்பாதீர்கள். விளக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று வாங்கியவர் சொன்னால் பெரும்பாலான தளங்களில் அது செல்லாது. கூரியர் ரசீதில் எடை இருக்கும், அதை வைத்துக்கொள்ளுங்கள். கனத்த பழைய கம்பளிக்கும் மெல்லிய பாலியஸ்டருக்கும் உள்ள வித்தியாசம் திரும்பி வரும் பார்சலின் எடையில் தெரிந்துவிடும். எனக்கு இப்போது கையில் இருக்கும் பலமான சான்று அதுதான். திரும்பி வருவதைப் பிரிக்கும்போது, ஒட்டிய டேப்பிலிருந்து கடைசி மடிப்புவரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள்.

பழைய துணி வாங்குகிறவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். அடர்நீல டக்ஸிடோ பேண்ட், க்ரோக்ரெய்ன் பட்டை, இடது பாக்கெட் பையின் அடியில் வெள்ளைப் பருத்தித் துணியில் கையால் போட்ட முக்கோண ஒட்டு. இப்படி ஒன்று வேறு கோட்டோடு சேர்ந்து விற்பனைக்கு வந்தால், வாங்குவதற்கு முன் விளம்பரத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்.