தரையைக் கழுவலாம், தண்ணீர்தான் போகாது

கார்களுக்கு வரிக்கு மேல் போட்டிருந்த செஸ் ஒழிந்து விலை இறங்கியதிலிருந்து என் வண்டியைப் பற்றி விசாரிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி மாறியபோது, பெரிய டீசல் இன்ஜின் வண்டிகளுக்கு வரியும் செஸ்ஸுமாகக் கட்டிக்கொண்டிருந்தது மொத்தமாக 40 சதவீதத்தில் வந்து நின்றது. நான் அதற்கு முன்பே வாங்கியவன். அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும். உத்தமபாளையத்தில் இருக்கும் என் கூட்டாளி மட்டும் விலையை விட்டுவிட்டு வேறு கேட்டான்: "மாப்ள, இன்ஜின், கியர், கிளியரன்ஸ் எல்லாம் வீடியோல பாத்துட்டேன். உள்ள எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

அவனுக்குச் சொன்னதைத்தான் விரித்து எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். நான்கு மீட்டருக்குள் நீளம், லேடர் பிரேம் (ஏணி மாதிரி இரும்புச் சட்டத்தின் மேல் பாடியை உட்காரவைத்தது), நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் வண்டி. அது போதும்.

எனக்கு வீடு போடியில், ஏலத்தோட்டம் மேலே இடுக்கிப் பக்கம். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு, நல்ல தார் ரோடு. எந்தக் காரும் ஏறும். ரோட்டை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் போகிற கடைசித் துண்டுதான் வேறு உலகம். உருண்டைக் கல், மரவேர், சேறு, நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு காலோடும் அரைக் கிலோ சேறு ஏறும். கூடவே அட்டை. பச்சைக்காய் மூட்டையை ஏற்றினால் அதிலிருந்து வடிகிற தண்ணீர் வேறு. இதற்கு முன் வைத்திருந்தது பழைய கமாண்டர் ஜீப். அதில் தண்ணீர் வடிய ஓட்டை என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. தரைத் தகடே துருப்பிடித்து அங்கங்கே திறந்துகிடந்தது. வெல்டிங் பட்டறையில் விட்டுத் தகடு ஒட்டி ஒட்டி ஓட்டினோம்.

தரைக்குப் போவதற்கு முன் மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டு கெட்டி பிளாஸ்டிக். தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காது. ஈரத்துணியால் ஓர் இழுப்பில் துடைக்க வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்கும். டபுள் டேப் போட்டு ஒட்டிய பிள்ளையார் கல்பாதையில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை, இப்போது கம்பி போட்டுக் கட்டியிருக்கிறோம். ஏசிக்குத் திருகுகிற குமிழ்கள் இருப்பது பெரிய வரம். சேற்றுக் கையோடு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் திருகலாம். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றைத் திரைக்குள் ஒளித்துவைத்தால் மதிப்பெண் குறையும் என்று சொல்லிவிட்டது. தோட்டத்து டிரைவர்களைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

கண்ணாடி இறக்குகிற சுவிட்ச் கதவில் இல்லை, கியருக்குப் பக்கத்தில் நடுவில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜீப் ரேங்ளரில் கதவையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டலாம், அதனால் அங்கே சுவிட்ச் நடுவில் இருப்பதில் அர்த்தம் உண்டு. என் வண்டியில் கதவு கழலாது. சுவிட்ச் மட்டும் நடுவில். டோல்கேட்டில் இன்றைக்கும் என் கை கதவைத்தான் தடவுகிறது.

பின் சீட்டுக்கு முன் சீட்டை மடக்கித்தான் ஏற வேண்டும். "என்னைய மூட்டை மாதிரி ஏத்துறீங்கடா" என்று அம்மா ஒருமுறை சொன்னதோடு சரி, அப்புறம் அவர் முன் சீட்டில்தான். முன்னால் டாஷ்போர்டில் இருக்கிற பிடியை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மெட்டு முழுக்க அதைப் பிடித்தபடியே வருவார்.

சரி, தரை.

உள்ளே கார்ப்பெட் கிடையாது. கதவு விளிம்பு வரைக்கும் ஒரே ரப்பர் விரிப்பு. கால் வைக்கிற பள்ளத்தில் ஒரு ரப்பர் மூடி. அதைக் கழற்றினால் நேரே கீழே மண் தெரியும். ஷோரூமில் அதைக் காட்டியபோதே மனசு விழுந்துவிட்டது. காய் எடுப்பு முடிந்து சாயங்காலம் இறங்கி வந்ததும், வாளித் தண்ணீரை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளினால் சேறு மொத்தமும் அந்த ஓட்டை வழியாகப் போய்விடும். வேப்பங்கொத்து, ஏலத்தோகைச் சருகு, செத்த அட்டை எல்லாம் போகும். வீட்டு முற்றத்தைக் கழுவிவிட்டு நிற்கிற திருப்தி, காருக்குள் வேறு எதில் வரும்? நாற்பது லட்ச ரூபாய் வண்டி வைத்திருக்கிற என் சொந்தக்காரர் வெள்ளைக் கார்ப்பெட்டில் மிதித்துவிடக் கூடாதென்று வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார். நான் பூட்ஸோடு ஏறுகிறேன்.

இந்த ஓட்டைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறவென்றே தரையில் ஓட்டையும் மூடியும் வைத்தார்கள். இன்றைய கார்களில் அப்படியில்லை. பெயின்ட் அடிப்பதற்கு முன் கார் பாடியை முழுசாகத் துருத்தடுப்புக் கரைசல் தொட்டியில் முக்குவார்கள். மின்சாரம் பாய்ச்சி அந்தப் பூச்சை இண்டு இடுக்கு வரை பிடிக்கவைக்கிற முறை. வெளியே எடுக்கும்போது கரைசல் உள்ளே தேங்கக் கூடாதே, அதற்காகத்தான் தரையில் ஓட்டைகள். வேலை முடிந்ததும் ரப்பர் மூடி போட்டு அடைத்து, மேலே கார்ப்பெட்டை விரித்துவிடுவார்கள். உங்கள் வீட்டு ஹேட்ச்பேக்கிலும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் அந்த மூடிகள் இருக்கும்.

என் ஊகம் இதுதான்: எங்கள் வண்டியில் ஓட்டை போட்ட இடம் அந்தத் தொட்டிக்குத் தோதான இடம், துடைப்பத்துக்குத் தோதான இடம் அல்ல. ஏனென்றால் அந்தத் தரையின் ஆகத் தாழ்ந்த இடம் ஓட்டையில் இல்லை. அதற்குப் பின்னால், முன் சீட்டில் உட்காருகிறவரின் குதிகாலுக்குச் சற்றுப் பின்னே இருக்கிறது. எவ்வளவு தள்ளினாலும் ஓர் ஆழாக்குத் தண்ணீர் அங்கே தங்கும். சமதரையில் நிறுத்தினால் தங்கும். துடைப்பத்தால் இழுத்தால் ஓட்டை வரை வந்து, கையை எடுத்ததும் திரும்பிப் போய்விடும். முன்பக்கம் தாழ்வாக இருக்கிற மாதிரி சரிவில் நிறுத்திக் கழுவினால் மட்டும் முழுக்க வடிகிறது. அதனால் கழுவுவதற்கென்றே வண்டியைத் தெருக்கோடிச் சரிவுக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ.

தேங்கினால் என்ன, துணி போட்டு ஒற்றி எடுத்தால் ஆயிற்று என்று தோன்றும். தினமும் யார் எடுப்பது? அதோடு அந்த ஆழாக்குத் தண்ணீர் அங்கேயே இருந்தாலும் பரவாயில்லை, இருக்காது. மறுநாள் காலையில் மெட்டு ஏறும்போது வண்டியின் மூக்கு மேலே தூக்குகிறது, தண்ணீர் பின்னால் நழுவி சீட்டுக்கு அடியில் போகிறது. சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? மஞ்சள் நிறக் கனெக்டர். ஏர்பேக், மோதும்போது சீட்பெல்ட்டை இறுக்குகிற இழுவை சம்பந்தப்பட்ட ஒயர்களுக்குத்தான் அந்த மஞ்சள் நிறம், தெரியாமல் யாரும் கைவைத்துவிடக் கூடாதென்பதற்காக. அதைத் தரையோடு ஒட்டிய மாதிரி ஒரு கிளிப்பில் மாட்டியிருந்தார்கள். கழுவக்கூடிய தரையில், அதுவும் தண்ணீர் வந்து சேருகிற பக்கத்தில்!

இரண்டாவது மழைக்காலத்தில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அது பூத்தால் ஒயரின் மின்தடை மாறும், கம்ப்யூட்டர் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளும். விளக்கு எரிகிறதென்றால் மோதும்போது பை விரியாமலே போகலாம் என்று அர்த்தம், அதனால் தள்ளிப்போட முடியாது. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, "தண்ணி உள்ள போயிருக்கு சார், வாரன்ட்டி வராது" என்றார்கள். தரையைக் கழுவலாம் என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்றேன். கையேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார்கள்: பீய்ச்சி அடிக்கக் கூடாது, மின் இணைப்புகள் நனையக் கூடாது, கழுவியதும் உடனே உலர்த்த வேண்டும். எழுதியிருந்தது என்னவோ உண்மை. விளம்பரத்தில் அந்த எழுத்துக்கு இடம் கிடைக்கவில்லை போல.

பில் வந்தது. ஒயரிங் துண்டை மாற்றினார்கள். ஏர்பேக் விஷயத்தைத் தெருமுனை எலக்ட்ரீசியனிடம் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை, ஆகவே வாயை மூடிக்கொண்டு கட்டினேன். வேலை பார்த்த பையன் நல்ல பையன். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிஷம் பொறுத்த பிறகுதான் கனெக்டரைத் தொட்டான். கழற்றிய பிறகும் ஏர்பேக் யூனிட்டில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும் என்றான். அப்புறம் என்ன செய்தான் தெரியுமா? புதுக் கனெக்டரைப் பழைய கிளிப்பில் மாட்டாமல், சீட் பிரேமின் மேல் கம்பியில் ஒரு டேக்கைப் போட்டு இறுக்கினான். சீட் முன்னும் பின்னும் நகர்வதற்கு ஒயரில் தளர்வு விட்டு, நகர்த்தியும் காட்டினான். ஒரு பிளாஸ்டிக் டேக். அதற்குப் பிறகு விளக்கு எரியவில்லை. இந்த டேக்கைத் தொழிற்சாலையிலேயே போட்டிருந்தால் என்ன?

பிரோஷரில் ஐபி என்று போட்டு இரண்டு எண் கொடுத்திருந்தால் அதையும் படித்துக்கொள்ளுங்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது எண் 4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். குழாயால் பீய்ச்சி அடிப்பதைத் தாங்க 5 அல்லது 6 வேண்டும். வாட்டர் வாஷ் கடைக்காரர் இதெல்லாம் பார்க்க மாட்டார். கதவைத் திறந்து பிரஷர் கன்னை உள்ளே நீட்டுவார். சீட் துணியும் பஞ்சும் வேறு சேர்ந்து குடித்துக்கொள்ளும், வெயிலே இல்லாத ஆடி மாதத்தில் அது காய்வதற்குள் வாடை வந்துவிடும்.

இன்னொரு எரிச்சல், தரையை மூடச் சொல்லும் உலகம். வெறும் ரப்பர் யாருக்கும் பொறுக்கவில்லை. "என்னங்க இது, லோடு வண்டி மாதிரி இருக்கு" என்று வீட்டில் சொன்னார்கள். ஆக்சஸரீஸ் கடையில் கட்டம் கட்டமாகத் தையல் போட்ட மேட்டைச் சுவரிலிருந்து சுவர் வரை ஒட்டிக் கொடுத்தார்கள். வடியும் ஓட்டை அதற்கு அடியில் போய்விட்டது. நகராமல் இருக்க ஓர் ஓரத்தில் ஸ்க்ரூவைத் தரைத் தகட்டிலேயே இறக்கியிருந்தார்கள். துருத்தடுப்புப் பூச்சைத் துளைத்துக்கொண்டு போகிற ஸ்க்ரூ. கமாண்டர் ஜீப்பின் தரை கண்முன் வந்து போனது. மேட்டைப் பிய்த்து, துளைக்குப் பிரைமர் வைத்து அடைத்த பிறகுதான் தூங்கினேன். ஆறு ஏர்பேக் இருக்கிற வண்டிகளில் சீட் கவர் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். பக்கவாட்டுப் பை சீட்டின் தோள் ஓரத்திலிருந்துதான் விரியும். கவரின் தையல் அங்கே வந்தால் அது எங்கே போகும்?

சரி, வாங்கலாமா என்று கேட்டால்? எங்கள் பக்கத்து மழைக்கு, சேற்றுக்கு, மூட்டைக்கு இதைவிடத் தோதான உள்பக்கம் இந்த விலையில் நான் பார்க்கவில்லை. அந்தத் தரைக்காகவே இன்னொரு தடவை கையெழுத்துப் போடுவேன். ஆனால் சர்வீஸ் பில் இன்னும் டேபிள் மேல் கிடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன், ஆகவே கூட்டாளிக்குச் சொன்ன பதில்: வேண்டாம். அவன் தேனிக்கும் மதுரைக்கும் பிள்ளைகளோடு போய்வருகிறவன். அவனுக்கு எதற்கு வடியும் ஓட்டை? நான்கு கதவு உள்ள வண்டியைப் பார்க்கட்டும்.

கேட்காமல் வாங்கத்தான் போகிறான் என்றால் ஒன்று செய்யட்டும். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய், சேல்ஸ்மேனிடம் சொல்லிவிட்டு, மூடியைக் கழற்றிக் கால் பள்ளத்தில் ஊற்றட்டும். எவ்வளவு தங்குகிறது, எங்கே தங்குகிறது என்று பார்க்கட்டும். அப்புறம் குனிந்து டார்ச் அடித்து, சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கட்டும். சேல்ஸ்மேன் முகம் சுளிப்பார். கழுவலாம் என்று சொன்னது அவர்தான்.