மலை ஏறினால் மட்டும் ஐடிலிங் ஆடும் டர்போ: நெடுநாள் ஓட்டியவனின் புலம்பல்

சேலம் அஸ்தம்பட்டி நண்பன் ஒருவன் நான் ஓட்டும் அதே மாடலில் செகண்ட் ஹேண்ட் வண்டி ஒன்றைப் பேசி வைத்திருக்கிறான். ரேட் நன்றாக இறங்கியிருக்கிறதாம். "நீதான் ரொம்ப நாளா வெச்சிருக்கியே மாப்ள, வாங்கலாமா?" என்றான். போனில் ஆரம்பித்தால் கெட்ட வார்த்தை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் சாமான்) வைத்த பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர். மைலேஜ், டிக்கி, டச் ஸ்கிரீன் பற்றியெல்லாம் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மிளகு, காபிக்கொட்டை வாங்க அடிக்கடி ஏற்காடு, நாகலூர் பக்கம் போகிறவன் நான். அடிவாரத்தில் செக்போஸ்ட் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் 300 மீட்டர் உயரத்துக்குள் கிடக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய பத்து சதவீத பலத்தை இழக்கும், காற்று மெலிவதால். டர்போ அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். டிக்கி நிறைய மூட்டையும் பின்சீட்டில் இரண்டு பேருமாக, மூச்சுத் திணறாமல் ஏறுகிறது. வளைவில் வேகம் செத்துவிட்டால் மட்டும் செகண்ட் கியரில் ஒரு நொடி யோசிக்கும். ஃபர்ஸ்டுக்குத் தட்டினால் சரி. இந்த எஞ்சினின் இழுவையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

குறை வண்டி நின்று எஞ்சின் மட்டும் சும்மா ஓடும்போதுதான், அதாவது ஐடிலிங்கில். ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் ஓரம் கட்டி ஏசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் 800-லிருந்து 1,300-க்கு ஏறும், 650-க்கு விழும், மறுபடி ஏறும். ஸ்டியரிங் நடுங்கும், எஞ்சின் அணையப் போவது போலக் குலுங்கும், அணையாது. சாமி வந்தவன் மாதிரி ஆடிவிட்டு, கொஞ்ச நேரத்தில் ஒன்றும் தெரியாதது போல நிற்கும். சேலத்துக்கு இறங்கி சர்வீஸ் சென்டரில் விட்டால் முள் 800-இல் ஆணி அடித்தது போல இருக்கும். "நார்மல்தான் சார்" என்பார்கள். எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைக் கழுவினார்கள், பில். ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள், பில். சாஃப்ட்வேர் அப்டேட், அதற்கும் பில். குழாய்களுக்குள் புகையை அடைத்து ஒழுகலைத் தேடும் ஸ்மோக் டெஸ்டும் போட்டார்கள். எங்கேயும் புகை வரவில்லை, ஆகவே லீக் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். யாராவது ஒருவர் என்னோடு ஏற்காடு வரை வந்து பாருங்கள் என்று எத்தனை முறை கேட்டாலும், ஆள் இல்லை.

கடைசியில் வழி சொன்னது என் பாலிடெக்னிக் வகுப்புத் தோழன். துபாயில் படகு எஞ்சின் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். சூப்பர்சார்ஜர் (டர்போ போலவே காற்றைத் தள்ளும் சாமான்) வைத்த எஞ்சின்களில் இந்த ஐடிலிங் ஆட்டம் அவனுக்குத் தினப்படி வேலை. அங்கே இது வெறும் எரிச்சலோடு நிற்பதில்லையாம். படகைக் கரையோரம் ஒட்டி நிறுத்தும் நேரம் ஆர்.பி.எம். ஏறியிருக்கையில் கியர் போட்டால், படகு துள்ளிப் போய் துறை மேடையில் இடிக்கும். அவன் சொன்னது: "சென்சாரை அப்புறம் பாரு. ஐடிலிங்ல மேனிஃபோல்டு, அதான் சிலிண்டருக்குக் காத்து போற குழாய், காத்தை உறிஞ்சும். பூஸ்ட், அதான் டர்போ அமுக்கித் தள்ற காத்து, வந்தா அதே மேனிஃபோல்டு வெளியே தள்ளும். அதுல போய்ச் சேர்ற ஒவ்வொரு குழாயையும் வால்வையும் சந்தேகப்படு. ஒவ்வொண்ணா அமுக்கி மூடு, எதை மூடினா ஆட்டம் நிக்குதோ அதுதான் திருடன்."

ஏற்காட்டிலேயே ஒரு மெக்கானிக் அண்ணன், பானெட்டைத் தூக்கி அதையே செய்தார். பிரேக் பூஸ்டர் குழாய், ஒன்றும் இல்லை. எஞ்சின் ஆயில் ஆவி போகும் குழாய், அதுவும் இல்லை. பெட்ரோல் டேங்க் ஆவியைக் கொண்டுவரும் சன்னமான குழாயைத் துணி சுற்றிய பிளையரால் அமுக்கினார். முள் 800-இல் போய் நின்றது. விட்டார், ஆடியது. மறுபடி அமுக்கினார், நின்றது. பர்ஜ் வால்வு! டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் கட்டைவிரல் பருமனில் உட்கார்ந்திருக்கும் சாமான். வேண்டாதபோது இறுக மூடியிருக்க வேண்டும். இது சூடு ஏறினால் முழுக்க மூடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது.

இப்போது எல்லாம் பொருந்துகிறது. மலை ஏறி முடித்ததும் எஞ்சின் அறை கொதிக்கும், டேங்கும் சூடு, மேலே காற்றழுத்தமும் குறைவு, பெட்ரோல் அதிகமாக ஆவியாகும். கேட்காத ஆவியும் காற்றும் எஞ்சினுக்குள் போனால் ஆர்.பி.எம். ஏறும். கம்ப்யூட்டர் த்ராட்டிலை மூடும், பெட்ரோலைக் குறைக்கும். விழுந்ததும் பதறிப்போய்த் திறக்கும். அதுதான் அந்த ஆட்டம். ஸ்மோக் டெஸ்டில் சிக்காததற்கும் காரணம் அதுவே: ஒழுகிய புகை வெளியே வராமல் கரிப்பெட்டிக்குள் போய்விடும்.

புது வால்வு போட்ட பிறகு ஆட்டம் இல்லை. வால்வின் விலை, சர்வீஸ் சென்டர் த்ராட்டில் பாடி கழுவ வாங்கிய காசைவிடக் குறைவு. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஆக, இழுவை அருமை, கோளாறு சின்னது, அதுவும் தீர்ந்துவிட்டது. இருந்தாலும் மாப்ள, என்னைக் கேட்டால் வாங்காதே. டர்போ இல்லாத வண்டியை எடு, வளைவில் கொஞ்சம் முனகும், முனகட்டும். மேனிஃபோல்டில் பூஸ்ட் தள்ளும் வேலை இல்லாததால், காற்று திரும்பி வராமல் தடுக்கக் குழாய்க்குக் குழாய் வைக்கும் ஒருவழி வால்வு அவ்வளவு இருக்காது. கோபத்தில் சொல்கிறேன் என்றால், ஆமாம், கோபத்தில்தான் சொல்கிறேன்.

விலைக்கு ஆசைப்பட்டு எடுத்தே தீருவேன் என்றால், டெஸ்ட் டிரைவைச் சேலம் 'ஐந்து ரோடு' சந்திப்பைச் சுற்றி முடிக்காதே. ஏற்காடு வரை ஏற்று, ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் நிறுத்தி முள்ளைப் பார். விற்கிறவன் அதற்கு வரமாட்டேன் என்றால் அடிவாரத்திலேயே திரும்பிவிடு.