மினிமம் பேலன்ஸ் அபராதமா? முதலில் நோட்டீஸைக் காட்டச் சொல்லுங்கள்

வேலை மாறிய பிறகு பழைய சம்பளக் கணக்கை அப்படியே விட்டுவைத்திருப்பவர்கள் இன்றே அதன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். சம்பளம் வருவது நின்றதும் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடலாம். அதோடு ஜீரோ பேலன்ஸ் சலுகையும் போய்விடும். என் கணக்கில் மாதாமாதம் அபராதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று எடுத்திருக்கிறார்கள். இருந்த பணம் தீர்ந்த பிறகும் விடவில்லை, மைனஸில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். பி.எஃப். பணம் அதில் வந்து விழுந்த அன்றே ‘பாக்கி’யைக் கழித்துக்கொண்டார்கள். எனக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான்.

கிளையில் கேட்டால், “சிஸ்டம் தானா எடுக்குது சார், எங்க கையில இல்ல” என்ற பதில். மேலாளர் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்.

ரிசர்வ் வங்கியின் விதி இதில் தெளிவாகவே இருக்கிறது. 2014 நவம்பரில் சுற்றறிக்கை வந்தது; 2015 ஏப்ரல் 1 முதல் அமல். இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும். குறைந்தது ஒரு மாத அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் அபராதம், அதுவும் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு ஏற்றபடி. இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகவே கூடாது. கவுன்ட்டரில் இருந்த யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை.

எழுத்தில் புகார் கொடுத்தேன். யாருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு அச்சடித்த பதில் வந்தது. 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. ஆனால் வழக்கில் இருக்கிற விஷயத்தை அங்கே எடுக்க மாட்டார்கள். அங்கே போவதென்றால் வழக்குப் போடுவதற்கு முன்பே போய்விடுங்கள். நான் அலைச்சலுக்கும் இழப்பீடு கேட்க நினைத்ததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, இந்த மாதிரிச் சின்னத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. பணம் பிடித்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

வங்கித் தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கியது. சில நூறு ரூபாய்க்கு எவன் வந்து நிற்பான் என்ற கணக்குதான். அப்புறம் அவர்கள் வக்கீல், கணக்கு தொடங்கும்போது நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்து வைத்தார். நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டேன்: அபராதம் எடுக்கும் முன் அனுப்பிய நோட்டீஸ் எங்கே? ‘அனுப்பப்பட்டது’ என்று ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். எந்த எண்ணுக்கு, என்ன வாசகம் என்பது அதில் இல்லை. அடுத்த விசாரணைக்குள் சமாதானத்துக்கு வந்துவிட்டார்கள்.

இங்கேதான் ரொம்பக் கவனம் வேண்டும். “வழக்கை வாபஸ் வாங்குங்க, பணம் வந்துடும்” என்று போனில் சொன்னார்கள். மேலாளர் சொன்ன பாதிப் பணமும் இப்படி வாய்வார்த்தைதானே? பணம் கணக்கில் ஏறட்டும், சமாதானத்தை ஆணையம் பதிவு செய்யட்டும், பிறகு முடித்துக்கொள்ளலாம் என்றேன். அபராதமும் ஜிஎஸ்டியும் முழுசாகத் திரும்பி வந்தன. இழப்பீடு என்று எதுவும் தரவில்லை. கணக்கை மூடி, மூடியதற்குக் கடிதமும் வாங்கிக்கொண்டேன்.