நிலம் ஓரிடம், வழக்கு வேறிடம்: வழக்கறிஞரை நம்பி வழக்குத் தொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிரய ஒப்பந்தம் போட்டு முன்பணமும் பெற்றுக்கொண்ட பிறகு பத்திரம் எழுதித் தர மறுத்தவர் மீது, ஏற்றதை ஆற்றவும் (ஒப்பந்தப்படி பத்திரம் எழுதித் தரவும்) நிலத்தின் சுவாதீனத்தை, அதாவது அனுபவத்தை, ஒப்படைக்கவும் கோரி வழக்குத் தொடுப்பதற்காக நான் அமர்த்திய வழக்கறிஞரால் எனக்கு நேர்ந்ததை, அதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நிலம் இருப்பது ஒரு மாவட்டத்தில். ஒப்பந்தம் கையெழுத்தானதும் விற்பவர் குடியிருப்பதும் இன்னொரு மாவட்டத்தில். எந்த நீதிமன்றம் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டேன். "இந்த ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தியில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறீர்களே சார், இங்கேயே போட்டுவிடலாம்" என்றார். அவர் அன்றாடம் ஆஜராகும் நீதிமன்றமும் அதுதான்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் 16-ஆம் பிரிவு, அசையாச் சொத்தை மீட்பது, பாகம் பிரிப்பது, அதன் மீதான உரிமையைத் தீர்மானிப்பது ஆகிய வழக்குகளைச் சொத்து அமைந்துள்ள எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. பிரதிவாதி வசிக்கும் இடம், வழக்குக்கான காரணம் எழுந்த இடம் என்று வாதிக்குத் தேர்வு தரும் 20-ஆம் பிரிவு இதற்குக் கட்டுப்பட்டது. அதிகாரமுள்ள பல நீதிமன்றங்களில் ஒன்றைத் தரப்பினர் ஒப்பந்தத்தின் மூலம் தேர்ந்துகொள்ளலாமே தவிர, அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்கு அதை உண்டாக்கித் தர முடியாது. குர்கானில் உள்ள மனைக்காக டெல்லியில் பல ஆண்டுகள் நடந்த இதே போன்ற வழக்கில், டெல்லி நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2005-இலேயே கூறியிருக்கிறது. சுவாதீனம் கேட்காமல் கிரயப் பத்திரம் மட்டும் கேட்டிருந்தால் வாதம் வேறு திசையில் போயிருக்கலாம். நாங்கள் இரண்டையும் கேட்டிருந்தோம்.

இதைவிட மோசமானது அவர் மறைத்ததுதான். எதிர்த்தரப்பு தன் எதிருரையின் (நம் வழக்குக்கு எழுத்தில் தரும் பதிலின்) தொடக்கத்திலேயே இந்த ஆட்சேபணையை எழுப்பியிருந்தது. அந்த எதிருரையை அவர் என் கண்ணில் காட்டவே இல்லை. கேட்டபோதெல்லாம் "வாய்தா சார்" என்றார்; ஒவ்வொரு வாய்தாவுக்கும் கட்டணம் வாங்கினார். நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் சிஎன்ஆர் எண்ணை (வழக்கின் தனி அடையாள எண்ணை) போட்டுப் பார்த்தபோதுதான், உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்காக வழக்குரை, அதாவது நாங்கள் தாக்கல் செய்த மனு, திருப்பப்பட்டிருப்பது தெரிந்தது. நகல் மனுப் போட்டு எதிருரையை வாங்கிப் படித்தது அதற்குப் பிறகு.

திருப்பப்பட்ட வழக்குரை அவருடைய கோப்புக் கட்டுக்குள்ளேயே கிடந்தது. தாக்கல் செய்த தேதி, திருப்பிய தேதி, அதற்கான காரணம் மூன்றையும் நீதிபதி அதில் குறித்திருந்தார். இந்த இரண்டாவது தேதியைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். ஏற்றதை ஆற்றக் கோருவதற்கான காலவரம்பு மூன்று ஆண்டுகள். தவறான நீதிமன்றத்தில் நல்லெண்ணத்துடனும் உரிய கவனத்துடனும் வழக்கு நடத்திய காலத்தைக் காலவரையறைச் சட்டம், 1963-இன் 14-ஆம் பிரிவு கழித்துத் தரும். வழக்குரை திரும்பிய பின் வழக்கறிஞர் அலுவலகத்தில் தூங்கிய நாள்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆட்சேபணை வந்த பிறகும் பிடிவாதமாக நடத்தியதில் நல்லெண்ணம் எங்கே என்று எதிர்த்தரப்பு இப்போது கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான், அவர் அல்ல. போதாக்குறைக்கு, புதிய நீதிமன்றத்தில் வழக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

எல்லா வழக்குக்கும் இதே விதி என்று எண்ணிவிட வேண்டாம். நுகர்வோர் புகாரை, 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே அளிக்கலாம். வங்கிக் கணக்கில் செலுத்தித் திரும்பிய காசோலைக்கான வழக்கு, 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பணம் பெற வேண்டியவரின் கணக்கு உள்ள கிளை எந்த எல்லையில் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். எந்தப் பிரிவின் கீழ் இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் வருகிறது என்பதை வக்காலத்தில் (வழக்கறிஞரை அமர்த்தும் படிவத்தில்) கையெழுத்திடும் முன் எழுத்தில் கேளுங்கள். எதிருரை வந்ததும் நகல் கேளுங்கள்.

அந்த வழக்கறிஞர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று சிலர் சொன்னார்கள். வழக்கறிஞரின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டதால், வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 35-ஆம் பிரிவின் கீழ் வழக்கறிஞர்களின் ஒழுங்கை விசாரிக்கும் மாநில பார் கவுன்சிலிடம் புகார் கொடுத்திருக்கிறேன். எதிருரையின் நகலையும், நீதிபதியின் குறிப்புள்ள வழக்குரையின் நகலையும், கட்டணம் செலுத்தியதற்கான வங்கிக் கணக்கு விவரத்தையும் அதனுடன் இணைத்திருக்கிறேன்.