ஓய்வுக்காலத்தில் ஒரு தஞ்சாவூர் வீணை: கோலாலம்பூரில் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பணி ஓய்வுக்குப் பிறகு வாங்கிய தஞ்சாவூர் வீணை, அதனுடன் சுருதிக்காகப் பயன்படுத்தும் மின்னணுத் தம்புரா, இவ்விரண்டின் துணையோடு நாள்தோறும் பாடும் பழக்கம் ஆகியவற்றைப் பற்றி ஏழெட்டு ஆண்டு அனுபவத்துக்குப் பின் எழுதுகிறேன். வாங்கிய புதிதில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் ஒலிக்கும். மெழுகு தளர்ந்து, தந்தி துருவேறி, வாசிப்பவருக்கும் வயது கூடிய பிறகு அதைக் கையில் எடுக்கத் தோன்றுகிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. எனக்கு இன்றும் தோன்றுகிறது. கருவியை என் உடம்புக்கும் வீட்டுக்கும் ஏற்ப ஒவ்வொன்றாக அமைத்துக்கொண்டதே அதற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். மேடைக் கலைஞர்களை உருவாக்குவதற்காக வகுக்கப்பட்ட முறையை, மகிழ்ச்சிக்காக வாசிக்க வரும் அறுபது வயதுக்காரர் அப்படியே ஏற்கவேண்டிய கட்டாயமில்லை.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்றவள். பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே ஓர் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது என்பதால், பாட்டும் நடனமும் இங்கே அன்றாடக் காட்சி. நான் கற்பது வீட்டில் வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியையிடம். என்னைவிட இருபது வயது இளையவரான அவர் என்னை ‘அம்மா’ என்கிறார். நான் அவரை ‘டீச்சர்’ என்றுதான் அழைக்கிறேன்.

கருவியைத் தேர்ந்தெடுத்தபோது ஆர்மோனியத்தையும் எண்ணிப் பார்த்தேன். நம்மவர்களின் பஜனைக் குழுக்களில் அதற்கே முதலிடம். சுருதி சேர்க்க வேண்டாம், கட்டையை அழுத்தினால் சுரம் பிறந்துவிடும் என்பதால் முதியவர்களுக்கு அது மிக எளிது. ஆனால் சுரத்தை அசைத்துக் கமகம் காட்ட அதில் வழியில்லை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று. அந்த விலக்கு மிகக் கடுமையானது என்பதே என் எண்ணம். எனினும், ஒரே மெட்டின்மேல் (தந்தியை வைத்து அழுத்தும் குறுக்குக் கம்பியின்மேல்) தந்தியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களை வரவழைக்கும் வீணையின் அந்த அசைவுக்காகத்தான் நான் இசை கற்கவே வந்தேன்.

24 மெட்டுகளோடு இன்று நாம் காணும் வீணை வடிவத்தைத் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தோடு இணைத்துச் சொல்வது மரபு. தஞ்சாவூர் வீணைக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. பலாமரத்தில் ஆன இக்கருவியில் ஒலியெழுப்பும் குடம், மெட்டுகள் அமையும் தண்டி, நுனியிலுள்ள யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஏகாந்த வீணையின் நாதம் சற்றுக் கூடுதலாக நிற்கும் என்பார்கள். என்னிடம் உள்ளது ஒட்டு வீணை. கோலாலம்பூரின் ஈரக் காற்றில் ஒட்டு விட்டுவிடுமோ என்று எல்லாரும் அச்சுறுத்தினார்கள். இதுவரை இணைப்புகளில் விரிசல் இல்லை. வீட்டில் வாசிப்பதற்கு ஒட்டு வீணையே போதும், மிச்சமாகும் பணத்தை நல்ல பெட்டிக்கும் மேளக்கட்டுக்கும் (மெட்டுகளை மெழுகில் பதிக்கும் வேலைக்கும்) ஒதுக்கலாம் என்பது என் கருத்து. உறவினர் வீட்டுப் பழைய வீணை கிடைக்கிறது என்று ஊரிலிருந்து எடுத்துவர நினைப்பவர்கள், அதில் யானைத் தந்த வேலைப்பாடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பன்னாட்டுத் தந்த வணிகத்துக்குத் தடை உள்ளதால், அப்படிப்பட்ட கருவியை எல்லை தாண்டிக் கொண்டுவருவது சட்டச் சிக்கலில் முடியக்கூடும்.

மரத்தைவிட இங்கே கவனம் கேட்பது மெழுகுதான். வீணையின் வெண்கல மெட்டுகள் தண்டியோடு ஆணி அடித்துப் பொருத்தப்பட்டவை அல்ல; தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து அமைத்த இரு வரப்புகளின்மேல், காதால் கேட்டுக் கேட்டுச் சரியான இடத்தில் பதித்து நிறுத்தப்பட்டவை. இதைத்தான் மேளக்கட்டு என்கிறோம். பிற்பகலில் 33 பாகை வெப்பம் சாதாரணமாக நிலவும் இந்நகரில், சன்னலோரம் வைத்த வீணையின் மெழுகு மெல்ல இளகி, தந்தியின் அழுத்தத்தில் மெட்டுகள் மயிரிழை அளவு நகர்கின்றன. அந்த மயிரிழை, பழகிய காதுக்கு அபசுரமாகக் கேட்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணையை அரைமணி நேரம்கூட விடலாகாது. இரவெல்லாம் குளிரூட்டி ஓடி, பகலில் புழுங்கும் அறையும் ஆகாது. வெப்பம் ஏறி இறங்கினால் மெழுகில் வெடிப்பு விழுகிறது. நான் வீணையை வீட்டின் உள்பக்கச் சுவரோரம், குளிரூட்டி இல்லாத, மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை இட்டு அவ்வப்போது மாற்றுகிறேன். இப்படி வைத்துக்கொண்ட பிறகு மேளக்கட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது. அது தளர்ந்தால், தமிழ்நாட்டிலிருந்து வருகை தரும் கைவினைஞர் எப்போது வருவார் என்று விசாரித்து, மாணவர்கள் பலர் சேர்ந்து ஒரே சமயத்தில் செய்துகொள்கிறோம். வீணை வாங்கும் முன்பே உங்கள் வட்டாரத்தில் மேளக்கட்டுக்கு யார் வருவார் என்று கேட்டறியுங்கள். இதற்கு விடை தெரியாமல் வாங்கிய கருவிகள் சில வீடுகளில் வெறும் அலங்காரப் பொருளாக நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

தந்திகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாரணி, பஞ்சமம் என்னும் வாசிப்புத் தந்திகள் எஃகு என்பதால் கடலோர ஊர்களைப் போலவே இங்கும் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தால் ஆயுள் கூடுகிறது. விரல் வழுக்கத் தேங்காய் எண்ணெய் தொடும் வழக்கம் நல்லதே. மிகுந்தால் மெட்டுகளில் அழுக்குப் படியும்.

இனி என் அனுபவத்தில் எல்லாவற்றையும் மாற்றிய ஒன்றுக்கு வருகிறேன்: சுருதி. சுருதியின் உயரத்தைக் ‘கட்டை’ என்ற அளவால் சொல்வார்கள்; எண் குறைந்தால் சுருதி தாழும். பெண்கள் 5 கட்டை அல்லது ஐந்தரைக் கட்டையில் பாடுவது வழக்கம் என்பதால், தொடக்கத்தில் எனக்கும் 5 கட்டையே வைக்கப்பட்டது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் சற்றுத் தாழ்வதும், வயது ஏறும்போது குரல்நாண்களின் தசை மெலிவதும் உடலின் இயல்பு. அந்த நிலையில் மேல் ஷட்ஜத்தை (மேல் ‘ச’வை) எட்ட முயன்ற ஒவ்வொரு நாளும் தொண்டை வறண்டு, பாடும் ஆசை குறைந்துகொண்டே வந்தது. ஒரு வகுப்பில் டீச்சர் தாமாகவே, “அம்மா, நீங்க நாலு கட்டையில பாடிப் பாருங்க, பாட்டு ஒண்ணும் குறைஞ்சு போகாது” என்று சொல்லித் தம்புராவைக் குறைத்தார். அன்றிலிருந்து ஒரு மணிநேரம் பாடினாலும் குரல் களைப்பதில்லை. வீணை பெரும்பாலும் 3 கட்டை அளவில் சேர்க்கப்படுவது. தந்தியின் இழுவிசை அந்த அளவில் மிதமாக இருப்பதால், மூட்டுத் தேய்மானம் தொடங்கிய விரல்களாலும் தந்தியை இழுக்க முடிகிறது. வாசித்துக்கொண்டே பாடும்போது நானும் 3 கட்டைக்கு இறங்குகிறேன். மந்தர பஞ்சமத்துக்கும் (கீழ் ‘ப’வுக்கும்) கீழே போகும் பாடல்களை மட்டும் விலக்கி, நடுவிலும் மேலுமாக உலவும் பாடல்களைத் தேர்ந்துகொள்கிறேன். கட்டையைக் குறைப்பதைத் தோல்வியாகக் கருதும் மனப்போக்கு நம்மிடையே இருக்கிறது. அதைக் கைவிட மறுத்துப் பாட்டையே கைவிட்ட தோழிகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அமரும் முறைக்கும் இதே நியாயம் பொருந்தும். சம்மணமிட்டு அரைமணிக்கு மேல் இருந்தால் முழங்கால் மறுக்கிறது. எனவே, தரையில் பதினைந்து நிமிடம் வரிசைகள், அலங்காரங்கள் என்னும் அடிப்படைப் பயிற்சிகள், பிறகு முதுகு சாயும் நாற்காலியில் அமர்ந்து, தாழ்ந்த மரத்தாங்கியின்மேல் வீணையை வைத்துப் பாடல்கள் என்று பிரித்துக்கொண்டேன். தாங்கியை ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்வித்தேன். குடம் அமரும் பள்ளத்துக்குத் தடித்த கம்பளித் துணி ஒட்டியதும் வீணை வழுக்குவது நின்றது. இடக்கை விரல்நுனிகளில் முதல் சில மாதங்கள் தந்தி வெட்டிய வலி இருக்கும். பிறகு தோல் காய்த்துவிடும். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் விரல்நுனியை நாள்தோறும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், உணர்ச்சி குறைந்த விரலில் வெட்டு விழுந்தது தெரியாமல் போகலாம்.

காதுக் கருவி அணிபவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. வயதில் முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகள் என்பதால், வீணையின் மீட்டொலியில் இருக்கும் கூர்மை எனக்குக் குறையத் தொடங்கியபோது கருவி அணிந்தேன். பேச்சு தெளிவாயிற்று, தம்புராவின் ஒலியோ நடுங்கிக் குழைந்து, இரண்டாகப் பிளந்து கேட்டது. இக்கருவிகள் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டவை. நீளமாக நிற்கும் ஒரே சுரத்தை, கருவி தானே எழுப்பிய ஊளை என்று தவறாகக் கணித்து அடக்க முயல்கின்றன. உயர் ஒலிகளைத் தாழ்த்தித் தரும் வசதி இயங்கினால், சுரமே இடம் மாறியதுபோலத் தோன்றும். செவியியல் நிபுணரிடம் வீணையை எடுத்துச் சென்று வாசித்துக் காட்டினேன். ஊளை அடக்குவதைத் தளர்த்தி, இரைச்சல் குறைப்பையும் ஒலித் தாழ்த்தலையும் நிறுத்தி, இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றை அவர் பதிந்து கொடுத்தார். வகுப்புக்குள் நுழையும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இந்த ஒரு மாற்றம் இல்லையென்றால் நான் இசையை விட்டிருப்பேன் என்பதால், கருவி பொருத்திக்கொள்ளும் நாளிலேயே ‘நான் வாசிக்கிறேன், பாடுகிறேன்’ என்று சொல்லிவிடும்படி வேண்டுகிறேன்.

மின்னணுத் தம்புராவுக்குத் தயக்கமின்றி முழு மதிப்பெண் தருவேன். பெங்களூரின் ரேடல் நிறுவனம் தொடங்கிவைத்த இந்த வகைப் பெட்டிகள், இழை விலகாமல் மணிக்கணக்கில் ஒலிக்கின்றன. இந்திய மின்செருகி நம் சுவர்த் துளைகளில் பொருந்தாது என்பதால் ஒரு மாற்றுச் செருகி மட்டும் தேவை. கைப்பேசிச் செயலிகளும் நன்றாகவே இருக்கின்றன. ஆயினும் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மந்தர ஷட்ஜத்தின் ஆழம் வருவதில்லை. அதைத் தனி ஒலிபெருக்கியோடு இணைத்தால்தான் அமர்ந்து பாடும் மனநிலை அமைகிறது.

எடுத்துச் செல்வது வீணையின் பெருங்குறை. எல்ஆர்டி ரயிலில் கூட்ட நேரத்தில் கொண்டுபோக இயலாது. மைவி காரில் பின் இருக்கையை மடக்கினால்தான் பெட்டி நுழைகிறது. ஆகவே வகுப்பில் டீச்சரின் வீணை, வீட்டில் என்னுடையது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். அடுக்குமாடியில் வாழ்வோருக்கு இதன் மென்மையான ஒலி பெரிய வரம். இரவு பத்து மணிக்கு வாசித்தும் அண்டை வீட்டார் ஒருவரும் குறை சொன்னதில்லை.

பாடுவதில் கிடைக்கும் நிறைவு வேறு வகையானது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் நாங்கள் சிலர் கூடித் தேவாரம் பாடுகிறோம். காம்போதி ராகத்துக்கு இணையான தக்கேசிப் பண்ணில் அமைந்த பதிகத்தைப் பாடும்போது, வீணையில் காம்போதி பழகிய விரல்கள் குரலுக்கு வழிகாட்டுவதை உணர்கிறேன். மூச்சு முன்போல நீளாததால் அடியின் பொருள் உடையாத இடம் பார்த்து இருமுறை மூச்சு வாங்குகிறோம். அனைவரும் ஒரே இடத்தில் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்கினால் கேட்பவருக்கு இடைவெளி தெரிவதில்லை. மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிகளில் பிள்ளைகளைப் பயிற்றுவித்த பழைய ஆசிரியைகள் இருவர் எங்கள் குழுவில் இருப்பதால், உச்சரிப்பில் யாரும் தப்ப முடியாது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

மூளைக்கு நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஆய்வு, இசைக்கருவி வாசித்தவர்களிடையே மறதி நோய் குறைவாக இருந்ததாகச் சொல்கிறது. வாசித்ததால்தான் குறைந்தது என்று அது நிறுவிவிடவில்லை. நான் மருந்தாக எண்ணி வாசிப்பதில்லை. வர்ணம் என்னும் உருப்படியில் வரும் சிட்டைசுரத்தை, அதாவது சுரக்கோவையை, நினைவில் ஏற்ற வாரக்கணக்கில் ஆகிறது என்பது உண்மை. ஏறிய பின் அது நிலையாக நிற்கிறது என்பதும் உண்மை.

கட்டைவிரல் மூட்டில் ஏற்கெனவே கடும் வலி உள்ளவர்களுக்கும், வீட்டில் வீணைக்கென்று ஒரு நிலையான இடம் ஒதுக்க முடியாதவர்களுக்கும் நான் வீணையைப் பரிந்துரைக்கமாட்டேன். அவர்கள் ஒரு சுருதிப் பெட்டியை வாங்கி, தங்கள் குரலுக்கு வசதியான கட்டையை ஓர் ஆசிரியரின் முன்னிலையில் கண்டறிந்து, அதில் பாடத் தொடங்கலாம். மற்றவர்கள், வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கோ இரவலாகவோ ஒரு வீணையைப் பெற்று, நாற்காலியிலும் தரையிலும் அமர்ந்து வாசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.